கிளட்ச் மாற்றுமுன் ரீகோலைப் பாருங்கள்: மலைநாட்டு ஏற்றங்களில் ஃபிட், வெசல் ஹைபிரிட்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஓடும் ஹொண்டா ஃபிட் ஜீபி5, வெசல் ஆர்யூ3 கார்களைப் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது உதறுகிறது, சில வேளை நகரவே மறுக்கிறது என்பதுதான். கராஜுக்குப் போனால் கிளட்ச் செட்டை மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்குச் சம்மதிக்குமுன், சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு ரீகோல் (குறையைத் திருத்தத் தயாரிப்பாளரே கார்களைத் திரும்ப அழைப்பது) ஏதும் பாக்கி உண்டா என்று பாருங்கள்.

2013 செப்டெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஃபிட் ஹைபிரிட், ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஐந்து தடவை ரீகோல் ஆனது. அவற்றுள் 2014 பெப்ரவரியில் வந்தது, ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர் பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கானது. வெசலும் அதில் அடங்கும். முதல் கியர் சரியாக விழாமல் கார் தாமதித்து நகரும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும். கொழும்பில் இது தொந்தரவு. இறம்பொடை வளைவில், பின்னால் பஸ் ஒட்டி நிற்கும்போது இது உயிராபத்து.

பாவித்த காராக இங்கே வந்தவற்றில் அந்த ரீகோல் வேலை ஜப்பானிலேயே முடிந்ததா என்பதை வாகனப் புத்தகம் சொல்லாது. ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் ரீகோல் தேடல் பக்கம் இருக்கிறது. சேசிஸ் இலக்கத்தில் கோட்டுக்கு முந்திய ஜீபி5 போன்ற பகுதியையும் பிந்திய எண்களையும் கொடுத்தால் எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, பூட்டு மாட்டும் கொக்கியருகே எண் போட்ட சிறிய ஸ்டிக்கர் உண்டா என்றும் பாருங்கள். ரீகோல் வேலை முடிந்ததும் அங்கேதான் ஒட்டுவார்கள். ஒரு ஸ்டிக்கரைக் கண்டதும் திருப்திப்பட வேண்டாம், ஒரே காருக்குப் பல ரீகோல் வரலாம். டொயோட்டா பிரியஸில் 2014இல் இன்வேர்ட்டர் (பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்) சூடாவதற்காக உலகெங்கும் 19 இலட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. மின்சக்தி துண்டிக்கப்படும் ஆபத்துக்காக 2018இல் இன்னொரு ரீகோல் வந்தது.

ரீகோல் எல்லாம் முடிந்தும் உதறினால், அப்போது கிளட்சைச் சந்தேகிக்கலாம். இது உலர் கிளட்ச். சூட்டைக் கொண்டுபோக ஓயில் கிடையாது. நீண்ட ஏற்றத்தில் ஹைபிரிட் பெட்டரி இறங்கியதும் மோட்டாரின் உதவி குறைந்து, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கிளட்ச்தான் வழுக்கி வழுக்கிச் சுமையைத் தாங்குகிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குள் ஊர்ந்து போகும் வரிசையைப் போல் இதைக் கெடுப்பது வேறில்லை. அக்சிலரேட்டரை இலேசாக மிதித்துக் காரை ஏற்றத்தில் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் எடுங்கள். கியர் பொக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில்தான் வரும். அதைப் படம் பிடித்துச் சாரதிகள் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். வந்தால் ஓரங்கட்டி, கியரை P இல் போட்டு, எச்சரிக்கை மறையும்வரை காத்திருங்கள்.

குளிர்ந்த காலையில், சமதரையிலேயே முதல் கியர் பிந்தினால் பெரும்பாலும் மென்பொருள் பக்கம். சூடேறிய பின் ஏற்றத்தில் மட்டும் உதறினால் கிளட்ச் தேய்வு. கிளட்சை இயக்கும் பாகமான அக்சுவேற்றரின் திரவ மட்டம் இறங்கியிருந்தால் அது கசிவு. ஊற்றி நிரப்பி ஓட்டாதீர்கள், கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மென்பொருள் ஏற்றும் கராஜிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலை முடியும்வரை 12 வோல்ட் பெட்டரிக்குச் சார்ஜர் மாட்டுவார்களா? நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே செத்துப்போகலாம். முடிந்ததும் ஸ்கேன் மெஷினில் கிளட்ச் லேர்னிங் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புதிதாகப் பழக்குவது) செய்வார்களா? அது தெரியாத கராஜிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.