டேசியா ஸ்பிரிங்: ரியூனியன் மலையேற்றத்தில் ஒரு டன் மின்கார்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் கடற்கரையைச் சுற்றி வரும் சாலை சுமார் 200 கிலோமீட்டர்தான். அதனால் இந்தத் தீவில் மின்கார் வாங்குபவர் பேட்டரி எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பதற்கு முன், கார் எத்தனை கிலோ என்று கேட்பது நல்லது. 2024 மாடல் டேசியா ஸ்பிரிங் 984 கிலோவில் தொடங்குகிறது. நீளம் 3.70 மீட்டர், பேட்டரி 26.8 கிலோவாட் மணி, நான்கு இருக்கை. ஒப்பிட பெரிய மின்காரான ரெனோ மெகான் ஈ-டெக்கை எடுத்துக்கொள்வோம்: 60 கிலோவாட் மணி, ஏறக்குறைய 1,640 கிலோ. அதன் பேட்டரி மட்டுமே 395 கிலோ.

எடை எங்கே செலவாகிறது என்பதைக் கடற்கரை ஊரான சாந்-பெனுவாவிலிருந்து பிளேன்-தெ-பால்மிஸ்ட் வழியாக பெல்வியூ கணவாய்க்கு ஏறும்போது பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு ஸ்பிரிங்கை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 5.5 கிலோவாட் மணி வேண்டும், மெகானுக்கு 8.3. உருளும் தடையும் காற்றும் மோட்டார் இழப்பும் இதற்கு மேல். எளிய கணக்கு: 100 கிலோவை 1,000 மீட்டர் ஏற்ற 0.27 கிலோவாட் மணி. இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பும், முழுதும் திரும்பாது.

ஆனால் சிறிய பேட்டரியில் அதே ஏற்றம் பெரிய பங்கைத் தின்னும். அந்தப் பயணம் ஸ்பிரிங்கின் சார்ஜில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு சாந்-பெனுவாவை விட்டுக் கிளம்பாதீர்கள். மேட்டுப் பகுதியில் வீடு இருப்பவர்கள் இரவில் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி வாங்காது; முழுச் சுமையும் பிரேக்கில் விழும், பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான். இறக்கத்துக்கு கியர் லீவரை 'B' நிலையில் வையுங்கள் (நிறுத்துவதற்கான 'P' அல்ல). சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு எதிர்ச் சிக்கல்: பிரேக் அதிகம் வேலை செய்யாததால் கடற்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், அழுத்தமாகப் பிரேக் போடுங்கள்.

சான்-போலிலிருந்து தெற்கே போகும் ரூத் தே தமாரென் விரைவுச் சாலையில் நிலைமை மாறும். அந்த வேகத்தில் எடையைவிடக் காற்றை வெட்டும் முன்பரப்பும் உடலின் வடிவமும்தான் மின்சாரத்தைத் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங் நீளத்தில் சிறியது, ஆனால் உயரமானது. முழுச் சார்ஜில் 220 கிலோமீட்டர் ஓடும் என்ற நிறுவன அறிவிப்பு அங்கே நிற்காது. வேகத்தைக் குறைத்து மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வருவோம். பேட்டரி தயாரிப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு 61 முதல் 106 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது ஸ்வீடனின் ஐவிஎல் நிறுவனத்தின் 2019 மதிப்பீடு. அதன்படி ஸ்பிரிங் பேட்டரிக்கு 1.6 முதல் 2.8 டன், 60 கிலோவாட் மணி பேட்டரிக்கு 3.7 முதல் 6.4 டன். டயர், பிரேக், சாலைத் தூசியிலும் எடைதான் பேசுகிறது: வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடியின் 2020 அறிக்கைப்படி, எடை குறைந்த மின்கார் பெட்ரோல் காரைவிட 11 முதல் 13 சதவீதம் குறைவான நுண்தூசியையும், பெரிய பேட்டரி சுமக்கும் கார் 3 முதல் 8 சதவீதம் கூடுதலான நுண்தூசியையும் விடும். மழைக்கு அந்தத் தூசி ஓடைகள் வழியே கடலுக்குத்தான் போகும். கனமான கார் சாலையை உடைக்கும் என்ற வாதம் மட்டும் எனக்கு வலுவாகப் படவில்லை. அறுவடைக் காலக் கரும்பு லாரிகளுக்கு முன் எந்தக் காரும் சாலைக்குப் பாரமே இல்லை.

'இங்கே மின்சாரம் ஏற்கெனவே பசுமையானதுதானே' என்பவர்களுக்கு: போர்-எஸ்த் மின்நிலையம் தாவர எண்ணெய்க்கும், பூவா-ரூஜ், கோல் நிலையங்கள் மரக் குறுணைக்கும் மாறிவிட்டன. ஆனால் எண்ணெயும் குறுணையும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் இங்கே பொருள் உண்டு.

குறைகளும் கனமானவை. ஸ்பிரிங் சீனாவில் தயாராவதால் கார் தயாரிப்பில் வெளியாகும் கார்பனைப் பார்த்துப் பிரான்ஸ் தரும் மதிப்பெண்ணில் தேறவில்லை. 2023 டிசம்பரில் வந்த மானியப் பட்டியலில் அது இல்லை. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்காப் 2021-இல் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். எதிரே இரண்டு டன் கார் வந்து மோதினால் லேசான காரில் இருப்பவர்களுக்கே அடி அதிகம். குழந்தைகளோடு நாள்தோறும் நீண்ட தூரம் போகும் குடும்பத்துக்கு இந்தக் காரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாளுக்கு 40 முதல் 70 கிலோமீட்டர் ஓட்டுபவர், வீட்டில் சார்ஜ் செய்ய இடம் இருப்பவர் வாங்கலாம். 2024 மாடலில் 65 குதிரைத்திறன் வகையையே எடுங்கள். 45 குதிரைத்திறன் வகைக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 19 வினாடி பிடிக்கும், விரைவுச் சாலையில் நுழைய அது போதாது. 20-இலிருந்து 100 சதவீதம் வரை, சாதாரண பிளக்கில் சுமார் 11 மணி நேரம், சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜ் பெட்டியில் 4 மணி நேரம். வேகச் சார்ஜ் வசதி தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது. வீட்டில் பெட்டி வைக்கிறவர் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.