ஒரே காய்ச்சல் பட்டியல், மூன்று வரைபடங்கள்: சென்னைக்கு எது பொருந்தும்?

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனதும், சென்னையின் வார்டு அலுவலகங்களுக்குக் காய்ச்சல் பட்டியல் வந்து சேரத் தொடங்கும். நோயாளியின் பெயர், வயது, கதவு எண், தெரு, காய்ச்சல் கண்ட நாள், பரிசோதனை முடிவு என்று வரிசையாக இருக்கும் அந்தத் தாளை வரைபடமாக்க மூன்று வழிகள் பரவலாக வழக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு நோயாளியையும் ஒரு புள்ளியாக வைப்பது ஒன்று. வார்டு வாரியாக எண்ணிக்கையைக் கூட்டி வண்ணம் தீட்டுவது மற்றொன்று. புள்ளிகளின் அடர்த்தியைக் கணக்கிட்டு, பச்சையிலிருந்து சிவப்பு வரை படரும் வெப்பப் படமாக மாற்றுவது மூன்றாவது. ஒரு மழைக்காலத்தில் இந்த வேலைக்குத் தன்னார்வலராகச் சென்றிருந்தபோது, ஒரே பட்டியலை மூன்று விதமாகவும் வரைந்து சுவரில் ஒட்டினோம். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் மறுநாள் காலை எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விடை சொல்லின. மூன்றில் எதை நம்பலாம், எதற்காக நம்பலாம் என்பதைச் சென்னையை மனத்தில் வைத்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

வண்ணமிட்ட வார்டு வரைபடத்திலிருந்து தொடங்கலாம். செய்தித்தாள்களிலும் ஆய்வுக் கூட்டங்களிலும் அதிகம் காணப்படுவது அதுதான். நிதியைப் பங்கிட, பணியாளர்களை மண்டலம் மண்டலமாக அனுப்ப, காய்ச்சல் முகாம்களைத் திட்டமிட அது பயன்படுகிறது. நிர்வாகம் வார்டு கணக்கில்தான் நடக்கிறது என்பதால் படமும் அந்த எல்லையிலேயே இருப்பது வசதி. ஆனால் நோய்க்கு வார்டு எல்லை தெரியாது. 2011-இல் சுற்றுவட்டாரத்தின் 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு இணைந்தபோது, நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. பழைய எண்ணுள்ள வார்டும் புதிய எண்ணுள்ள வார்டும் ஒரே நிலப்பரப்பல்ல என்பதால், இருபது ஆண்டு மலேரியா எண்ணிக்கையை வார்டு வாரியாக ஒப்பிட முயல்பவர் முதல் நாளிலேயே முட்டி நிற்பார்.

இதைவிட நுட்பமான சிக்கல் சிறிய எண்ணிக்கையால் வருவது. ஒரு வார்டில் 30,000 பேர் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு வாரத்தில் மூவருக்கு டெங்கு வந்தால் லட்சம் பேருக்குப் பத்து என்ற விகிதம் வருகிறது; நான்காவதாக ஒருவருக்கு வந்துவிட்டால் அது பதின்மூன்றைத் தாண்டுகிறது. வண்ண அட்டவணையில் பன்னிரண்டு என்பது மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் எல்லை என்றால், ஒரே ஒரு குழந்தையின் காய்ச்சல் ஒரு வார்டு முழுவதன் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. நிறம் மாறிய வார்டைப் பார்த்துப் பதற்றப்படுகிறவர்களும், மாறாத வார்டைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களும் ஒரே அளவில் ஏமாறுகிறார்கள்.

எல்லை வகுத்துக் கூட்டிப் பார்ப்பது எவ்வளவு தூரம் திசைதிருப்பும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு தெளிவான சான்று உண்டு. 1848-49 காலராச் சாவுகளை ஆராய்ந்து 1852-இல் அறிக்கை வெளியிட்ட புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், நகரின் பகுதிகளை வரிசைப்படுத்தி, தேம்ஸ் ஆற்றுக்கு மேல் நிலம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குச் சாவு குறைகிறது என்று காட்டினார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் தாழ்ந்த நிலத்தின் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அந்தக் கணக்கு முட்டுக்கொடுத்தது. தாழ்வான பகுதிகள் குடித்த தண்ணீர்தான் மோசமானது என்பது பகுதி வாரியான கூட்டலுக்குள் மறைந்துபோனது.

புள்ளி வரைபடம் பேசப்படும்போதெல்லாம், காலரா தண்ணீர்வழி பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்நோவின் பெயர் வருவதும் இதே லண்டனிலிருந்துதான். 1854-இல் சோஹோவின் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் காலராவில் இறந்தவர்களை வீடு வீடாகச் சிறு கோடுகளால் குறித்தார். செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்தக் கதையில் குழாயைச் சுற்றி நெருங்கி நிற்கும் கோடுகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, நெருக்கத்துக்குப் பொருந்தாத இடங்கள். குழாய்க்கு அருகிலேயே இருந்த மதுவடிப்பு ஆலையின் தொழிலாளர் எழுபது பேர் அளவில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் ஆலையில் கிடைத்த பீரையே குடித்தார்கள், ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது. மாறாக, அந்தத் தெருவுக்குப் பல கிலோமீட்டர் அப்பால் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால், தினமும் அதையே வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். தூரத்தில் தனித்து நின்ற அந்த ஒரு சாவுதான் மொத்த வாதத்தின் முதுகெலும்பு.

வெப்பப் படத்தின் மீது எனக்குள்ள முதல் குறை இங்கேதான் எழுகிறது. அடர்த்தியைக் கணக்கிடும் முறை, தனித்து நிற்கும் புள்ளியைச் சுற்றியுள்ள வெறுமையோடு கலந்து கரைத்துவிடும். ஹாம்ப்ஸ்டெட் மூதாட்டியை வெப்பப் படத்தில் வைத்தால், அவர் பச்சைக்குள் மூழ்கிவிடுவார். இரண்டாவது குறை, படத்தை வரைபவர் தேர்ந்தெடுக்கும் ஆரம் சார்ந்தது. ஒவ்வொரு புள்ளியின் தாக்கமும் 200 மீட்டர் பரவும் என்று வைத்தால் வியாசர்பாடியில் நான்கு சிறு சிவப்புத் திட்டுகள் தெரியலாம். ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் வடசென்னை முழுவதும் ஒரே சிவப்பாகத் தெரியலாம். தரவில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மூன்றாவது குறையைச் சென்னையில் வாழ்பவர் யாரும் உணர்வார்கள். புளியந்தோப்பிலும் இராயபுரத்திலும் மக்கள் நெருக்கம் அதிகம் என்பதால், எந்த நோயை வரைந்தாலும் அங்கே சிவப்பு விழும். மக்கள்தொகையால் வகுக்காத வெப்பப் படம் நோயைக் காட்டுவதில்லை, குடியிருப்பின் நெருக்கத்தையே காட்டுகிறது. ஆண்டுதோறும் அதே பகுதிகளைச் சிவப்பாகக் கண்டு பழகிய கண், அந்தப் பகுதி மக்களையே நோயின் காரணமாக எண்ணத் தொடங்குவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அங்கே காய்ச்சல் முகாமில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் புள்ளி வரைபடமே போதுமா? புள்ளி சரியான இடத்தில் விழுந்தால்தான். சென்னையில் அது எளிதன்று. ஒரு பள்ளி மாணவியின் முகவரியில் கதவு எண் 42 என்று இருந்தது. நான் புதிய எண் 42 மீது புள்ளி வைத்தேன். மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய்வந்த கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரான அக்கா, சுவரில் இருந்த படத்தில் விரலை வைத்து, "தம்பி, நீங்க வச்சது புது நம்பரு. அந்தப் பொண்ணு வீடு பழைய நம்பரு நாப்பத்திரெண்டு, தெருக்கோடியில இருக்கு" என்றார். தெருக்கோடியில், அந்த வீட்டுக்குப் பின்புறம், பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் லிஃப்ட் குழியில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அக்கா கரண்டியில் மொண்டு டார்ச் வெளிச்சத்தில் காட்டியபோது புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. என் புள்ளி நின்ற இடத்திலிருந்து அந்தக் குழி ஏறத்தாழ முந்நூறு மீட்டர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வட்டமிடுவது. ஆகவே, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இடைப்பட்ட அந்தப் பிழை ஒரு கொசுவின் வாழ்நாள் தூரத்தைவிடப் பெரியது. பிள்ளையார் கோயில் தெரு என்ற பெயரில் நகரில் எத்தனை தெருக்கள் உண்டு என்பதை நினைத்தால், கணினியே தானாக முகவரியை வரைபடத்தில் பொருத்தும் முறையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும். கைபேசியின் ஜி.பி.எஸ். மூலம் வீட்டு வாசலிலேயே இடத்தைக் குறித்துவருவது இதற்கு நல்ல மாற்று. கியூஜிஐஎஸ் போன்ற கட்டணமில்லா வரைபட மென்பொருளில் அந்தக் குறிப்புகளை ஏற்றுவது அரை மணி நேர வேலை.

இடம் சரியாக இருந்தாலும், வீடு என்பது நோய் தொற்றிய இடமா என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்கான விடை நோய்க்கு நோய் மாறும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து இரவில் கடிப்பது. எனவே நோயாளி தூங்கும் வீட்டின் மேல் புள்ளி வைப்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இங்கே மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு மீண்டும் எழக்கூடியது. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் கடிபட்ட தொழிலாளிக்கு இன்று சென்னையின் கட்டுமானத் தளத்தில் காய்ச்சல் வந்தால், அந்தப் புள்ளி அந்தத் தளத்தின் தொட்டியைக் குற்றம் சாட்டுவது தவறாகலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. பள்ளியில், பாரிமுனைக் கடையில், தி.நகர் துணிக்கடைக் கிடங்கில் கடிபட்டவர், மாலையில் வீடு திரும்பி, ஒரு வாரம் கழித்துப் பெரம்பூரில் காய்ச்சலோடு படுக்கிறார். வரைபடமோ பெரம்பூரில் புள்ளி வைக்கிறது. பெருவின் இக்கீட்டோஸ் நகரில் நடந்த ஆய்வு ஒன்று, மக்கள் வீட்டுக்கு வீடு சென்று வருவதே டெங்கு பரவலை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்று 2013-இல் காட்டியது.

2020-இல் இதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். கோயம்பேடு சந்தையில் பரவிய கொரோனாவை வீட்டு முகவரியை மட்டும் வைத்து வரைந்திருந்தால், சென்னை, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சிதறிய புள்ளிகளே தெரிந்திருக்கும்; எந்த நெருக்கமும் தெரிந்திருக்காது. தொடர்புகளை விசாரித்தவர்கள் "கடந்த இரு வாரங்களில் எங்கே போனீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான் அந்தச் சிதறலை ஒரே சந்தையில் கொண்டுவந்து சேர்த்தது. மே மாதத் தொடக்கத்தில் சந்தை மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது.

தண்ணீர்வழி நோய்களில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. ஸ்நோவின் அடிகுழாய் வரைபடத்தைவிட வலிமையான அவருடைய ஆய்வு, தென் லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளை ஒப்பிட்டது. ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குள் வெவ்வேறு கம்பெனிக் குழாய்கள் போயின. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரேற்றத்தைக் கழிவு கலவாத ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சௌத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி மாற்றவில்லை. 1854 காலராவில் பின்னதன் தண்ணீரைப் பெற்ற வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 சாவுகள். லாம்பெத் வீடுகளில் 37. புள்ளியின் இடம் மட்டும் தெரிந்தால் இந்த வேறுபாடு தெரியாது, ஏனெனில் இடம் ஒன்றேதான்.

சென்னைத் தெரு ஒன்றை இதனோடு வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மெட்ரோ வாட்டர் இணைப்பு, அடுத்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு, அதற்கடுத்த அடுக்குமாடியில் லாரித் தண்ணீர், குடிப்பதற்கு மட்டும் கேன். டைபாய்டோ வயிற்றுப்போக்கோ அந்தத் தெருவில் பரவினால், எந்த வீட்டில் என்பதோடு எந்தத் தண்ணீரில் என்பதும் தெரிந்தாக வேண்டும். காலராவின் ஓ139 என்ற புதிய வகை 1992-இல் முதன்முதலில் கவனத்துக்கு வந்தது இந்த நகரில்தான் என்பதை நினைக்கும்போது, இந்தத் தகவல் பட்டியலில் ஒரு கட்டமாகக்கூட இடம்பெறாதிருப்பது எனக்கு உறுத்துகிறது. வில்லியம் ஃபாரும் பின்னாளில் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். 1866 காலராவின்போது அவர் சாவுகளைத் தண்ணீர்க் கம்பெனி வாரியாகப் பிரித்துப் பார்த்து, கிழக்கு லண்டன் கம்பெனியைச் சுட்டிக்காட்டினார். வண்ணமிட்ட வரைபடத்துக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது: எல்லையை வார்டாக வகுக்காமல், எந்த நீர் விநியோக நிலையத்திலிருந்து தண்ணீர் வருகிறதோ அந்த எல்லையாக வகுத்தால், அதே வண்ணம் உண்மையைப் பேசத் தொடங்கும்.

கண்ணை நம்பாமல் கணக்கை நம்பும் நான்காவது வழியும் உண்டு. மார்ட்டின் குல்டார்ஃப் உருவாக்கிய சாட்ஸ்கேன் என்ற மென்பொருள், வரைபடத்தின் மேல் சிறிதும் பெரிதுமான வட்டங்களை நகர்த்தி, உள்ளே உள்ள நோயாளிகள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மிகுதியா என்று சோதிக்கிறது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை இதைத் தினந்தோறும் ஓட்டுகிறது. 2015-இல் சவுத் பிராங்க்ஸில் பரவிய லெஜியோனேயர் என்ற நுரையீரல் நோயை அதுவே முதலில் காட்டிக்கொடுத்தது. முன்னெச்சரிக்கைக்கு இதைவிட நேர்மையான கருவியை நான் அறியேன். ஆயினும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நீளவாக்கில் பரவும் நோய்க்கு வட்டம் பொருந்தாத அச்சு. தினசரித் தரவு தினசரியே வந்து சேராத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை.

புள்ளி வரைபடத்துக்கு எதிராக ஒரே ஒரு வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அது நோயாளியின் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். கொரோனாக் காலத்தில் கதவில் ஒட்டப்பட்ட தாளும் வாசலில் அடிக்கப்பட்ட தகரமும் பல குடும்பங்களைத் தெருவிலிருந்தே ஒதுக்கி வைத்தன. உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் அப்படித் தாள் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் ஒரு புள்ளி கசிந்தால் ஒருவரின் வேலையும் திருமணமும் போகலாம். எனவே பொதுவெளிக்கு வண்ண வரைபடம், களப்பணியாளரின் கைக்குப் பெயரில்லாத புள்ளி வரைபடம் என்று பிரித்து வைப்பதே முறை. வெப்பப் படத்தைப் பொதுவெளியில் வெளியிடுவதாக இருந்தால், எந்த ஆரம், எந்த மக்கள்தொகை என்பதை அதன் அடியிலேயே எழுதிவிட வேண்டும்.

சென்னைக்கு எதைப் பரிந்துரைப்பாய் என்று கேட்டால், வாசலில் நின்று குறித்த புள்ளியைத்தான் சொல்வேன்; ஆனால் அதன் கூடவே பட்டியலில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும். டெங்குவுக்கு, "பகலில் எங்கே இருப்பீர்கள்?" வயிற்றுநோய்க்கு, "குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" இரண்டையும் கேட்டு எழுத முகாமில் ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். புதிய மென்பொருள் வாங்கும் முன் அந்தத் தாளை மாற்றி அச்சிடலாம்.