சிவிக்கின் மூளை: ஓபிடி2-விலேயே இருப்பதா, ஓபிடி1-க்குத் திரும்புவதா?

அமெரிக்காவில் 1996 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக்கை வைத்துக்கொண்டு இன்ஜினில் கை வைக்க ஆரம்பித்தால், சீக்கிரமே ஒரு யோசனை காதில் விழும்: "இருக்கிற ஈசியுவைக் கழற்றிவிட்டுப் பழைய ஈசியுவைப் போடு." ஈசியு என்பது இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி. வண்டியில் இருப்பது, கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி முறையின் இரண்டாம் தலைமுறை, அதாவது ஓபிடி2. பழையது முதல் தலைமுறை, ஓபிடி1. புதுசை விட்டுப் பழசுக்குப் போவானேன் என்று தோன்றும். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் புரிந்துவிடும்.

1992–95 சிவிக்கில் வந்த ஓபிடி1 ஈசியுக்களில் பேர்போனது பி28. அதன் மூடியை எடுத்தால் பலகையில் 28 கால் சிப் ஒன்றுக்கான இடம் காலியாகக் கிடக்கும். தொழிற்சாலையில் புரோகிராமை ஓகி மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே பதித்துவிட்டதால் அந்த இடம் பயன்படவில்லை. துளைகளை அடைத்திருக்கும் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஒரு சாக்கெட், 74எச்சி373 லாட்ச், இன்னும் சில சில்லறை உதிரிகள் வைத்து சால்டர் செய்து, ஜே1 என்ற இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்தால் போதும். ஈசியு தன் சொந்த புரோகிராமை விட்டுவிட்டு வெளிச் சிப்பைப் படிக்கும். அதில் செருகும் 29சி256 சிப்பின் கொள்ளளவு வெறும் 32 கிலோபைட். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி, வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக் எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுழலும் வேகத்தில்) மாற வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஓபிடி2 ஈசியுவில் இப்படி ஒரு சுலபமான வாசல் இல்லை. அதனால்தான் டர்போ வைப்பவர்களும் இன்ஜின் மாற்றுபவர்களும் பி28 தேடி அலைகிறார்கள். வண்டியின் ஒயரிங்கை வெட்ட வேண்டியதில்லை. ஒரு முனை வண்டியிலும் மறுமுனை பி28-லும் பொருந்தும் ஒயர் தொகுதி, கன்வர்ஷன் ஹார்னஸ், கிடைக்கிறது. ஆனால் 1996–98 வண்டியின் பிளக் வேறு, 1999–2000 வண்டியின் பிளக் வேறு. ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வில் மூன்று ஒயர் உள்ள வண்டி என்றால், அதை இரண்டு ஒயர் வால்வாக மாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

சரி, இழப்பது என்ன? புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை பி28 கண்டுகொள்ளாது. எந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது சரியாக எரியவில்லை, என்றும் சொல்லாது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் ஓபிடி2 சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் இன்ஜினிடமிருந்து பதிலே வராது. கோளாறு பார்க்க, டேஷ்போர்டுக்கு அடியில் பயணி பக்கம் தொங்கும் இரண்டு பின் கனெக்டரை ஒரு ஒயரால் இணைத்து, சாவியைத் திருப்பி, செக் இன்ஜின் விளக்கு மின்னுவதை எண்ண வேண்டும். ஒரு நீண்ட மின்னல், நான்கு குட்டி மின்னல் என்றால் 14: ஐடில் வால்வு. ஏழு குட்டி மின்னல் என்றால் திராட்டில் சென்சார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

ஆனால் பி28-க்குள் ஹோண்டேட்டா நிறுவனத்தின் எஸ்300 பலகையைப் பொருத்தினால் கதை மாறுகிறது. யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இன்ஜின் விவரங்களை ஓட ஓடப் பதிவு செய்யலாம், டியூனையும் (பெட்ரோல், தீப்பொறி அமைப்புகளையும்) மாற்றலாம். அந்தக் கால ஓபிடி2 ஸ்கேனர் இணைப்பின் ஆமை வேகத்தோடு ஒப்பிட்டால், டியூன் செய்பவருக்கு இதுதான் வசதி. ஓபிடி2-வை வைத்துக்கொண்டு சென்சார் சிக்னலை ஏமாற்றும் பிக்கிபேக் பெட்டிகளும் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

இன்ஜின் பெரிதானால் பி28 மட்டும் போதாது. இன்டெக்ரா ஜிஎஸ்ஆரின் பி18சி1 இன்ஜினை இறக்குகிறவர்களுக்குப் பொருத்தமானது பி72 என்ற இன்னொரு ஓபிடி1 ஈசியு. இன்ஜின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் இரண்டாம் நிலை வால்வுகளும் அதற்குத் தெரியும், பி28-க்குத் தெரியாது.

ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டி என்றால் நான் யோசிக்காமல் ஓபிடி1 பக்கம்தான். தினமும் வேலைக்குப் போகும் வண்டி, அதுவும் கலிபோர்னியாவில் என்றால், தொடவே வேண்டாம். 1996 முதல் வந்த வண்டிகளுக்கு அங்கே ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையில் அந்த 16 பின் சாக்கெட்டையும் சோதிப்பார்கள். ஈசியு பேசாவிட்டால் ஃபெயில். புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைச் செயலிழக்கச் செய்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கும் விரோதம். சோதனைக்கு முந்தைய நாள் ராத்திரி, கழற்றி வைத்த ஓபிடி2 ஈசியுவைத் திரும்ப மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இத்தனை நாள் மின்சாரமே இல்லாமல் அலமாரியில் கிடந்த பெட்டி அது. தன் சுயசோதனைகளை முடிக்காமல் "இன்னும் தயாரில்லை" என்றுதான் ஸ்கேனருக்குப் பதில் சொல்லும்.