சொல்லாததையும் சொல்லிவிடும் வாட்ஸ்அப்

செய்தி அனுப்பும் கருவி என்ற அளவில் வாட்ஸ்அப்பில் குறை காண்பது கடினம். ஆனால் நாம் அனுப்பாத செய்திகளையும் அது நம் பெயரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதால், அந்தப் பக்கத்தையும் பார்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

2009-இல் தொடங்கப்பட்டபோது, ஒருவர் வேலையில் இருக்கிறாரா, அழைப்பை எடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பிறருக்குக் காட்டும் செயலியாகவே இது எண்ணப்பட்டது. செய்திப் பரிமாற்றம் பிறகே சேர்ந்தது. அந்தப் பிறவிக் குணம் இன்றும் போகவில்லை. 2014 நவம்பரில் வந்த நீல டிக்கை எடுத்துக்கொள்வோம். உரையாடல் திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை. பேருந்தில் நின்றபடி திறந்தவர், படித்துவிட்டு என்ன எழுதுவது என்று கலங்கி நிற்பவர், வேண்டுமென்றே ஒதுக்குகிறவர் ஆகிய மூவருக்கும் ஒரே நீலம்தான். காத்திருப்பவரோ மூன்றாவது பொருளையே முதலில் எடுத்துக்கொள்கிறார். 'டைப்பிங்' என்று தோன்றி மறைவது இன்னும் கொடியது, ஏனென்றால் எழுதத் தொடங்கிக் கைவிட்ட தயக்கத்தைக்கூட அது எதிரில் இருப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒருவர் அறிந்து தரும் வெளிப்பாடும் அவரை அறியாமல் கசியும் வெளிப்பாடும் வேறு என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1959-இலேயே பிரித்துக் காட்டினார். நேரில் பேசும்போது கசிந்ததைத் திருத்த முகமும் குரலும் உடனிருக்கின்றன. இங்கே கசிவு மட்டுமே போய்ச் சேர்கிறது.

அமைப்புகளில் நீல டிக்கை நிறுத்தலாம், 'லாஸ்ட் சீன்' நேரத்தை மறைக்கலாம், 2022 முதல் 'ஆன்லைன்' என்பதையும் மறைக்கலாம். மறைப்பவருக்குப் பிறருடைய விவரமும் தெரியாது என்ற நிபந்தனை நியாயமானது. ஆயினும் நேற்றுவரை தெரிந்த நேரம் இன்று தெரியாமல் போனால், 'என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்' என்ற புதுச் செய்தி அங்கே பிறந்துவிடுகிறது. மேலும், குழுக்களில் படித்த விவரத்தையும், குரல் செய்தியைக் கேட்ட விவரத்தையும் நிறுத்த வழியில்லை.

அழிக்கும் வசதிதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அனைவருக்குமாக அழித்த பின்னும், செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அதே இடத்தில் நிற்கிறது. எழுத்துப்பிழைக்காக அழித்திருந்தாலும், பார்ப்பவர் அந்த வெற்றிடத்தைத் தம் அச்சத்தால் நிரப்பிக்கொள்கிறார். 2023-இல் வந்த திருத்தும் வசதி, பதினைந்து நிமிடங்களுக்குள் என்ற வரம்போடு, இதைவிடப் பண்பானது. குழுவிலிருந்து விலகுவதை நிர்வாகிகளுக்கு மட்டும் தெரிவிக்கும் 2022-ஆம் ஆண்டு மாற்றத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கு முன், அமைதியாக வெளியேற விரும்பியவரும் எல்லோர் முன்பும் கோபித்துக்கொண்டு போனவராகவே தெரிந்தார்.

செயலியைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பணம், உடல்நலம், மனத்தாங்கல் போன்ற விஷயங்களில் 'பார்த்தேன், மாலையில் விரிவாக எழுதுகிறேன்' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். டிக்குகளை நம்பி விடாதீர்கள். வணிகர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸில், 'இப்போது பதில் சொல்ல இயலவில்லை' என்று தானாகவே தெரிவிக்கும் வசதி உள்ளது. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை நண்பருக்கும் உறவினருக்கும் கிடைக்கும்படி, சாதாரணப் பதிப்பிலும் அதைச் சேர்க்க வேண்டும்.