கிழட்டுத் தங்கமீனுக்கு உப்பா, கப்சூலா?

எங்கள் வீட்டுத் தங்கமீனுக்கு ஒன்பது வயது. மட்டக்களப்புக் கல்லடியில் குடியிருந்த காலத்தில் மகள் அடம்பிடித்து வாங்கியது. மகள் படிக்க வெளியூர் போய்விட்டாள். மீன் என் பொறுப்பில் மிஞ்சியது. கச்சான் காற்று வீசும் போன வெயில் காலத்தில் அது தொட்டியின் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கத் தொடங்கியது. கேட்டவர் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. மீன் கடைத் தம்பி கப்சூல் ஒன்றை நீட்டினார். பக்கத்து வீட்டு அக்கா கல்லுப்பு என்றார். நண்பர் ஒருவர், "வயது போனால் நாமும் இப்படித்தான், விட்டுவிடுங்கள்" என்றார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் கேட்டபோது சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். மீன் பாடும் ஊரில் மீனுக்கு மருந்து சொல்ல எனக்கு ஒருவர் கிடைக்கவில்லை.

மூன்று யோசனைகளையும் எடைபோட முன், வந்திருப்பது நோயா முதுமையா என்று பார்க்க வேண்டும். நான் கவனிப்பது வேகத்தை. நிறம் மங்குவது, கண் பால்படிவது, முதுகு மெல்ல வளைவது, உணவுக்கு ஓடிவரத் தயங்குவது ஆகியவை மாதக்கணக்கில் வந்தால் பெரும்பாலும் வயது. ஓரிரு நாளில் துடுப்பு அரிபட்டு ஓரம் சிவந்தால், உடலில் புண் கண்டால், அது நோய். காலையில் நன்றாக இருந்தவை மாலையில் எல்லாமாக மேலே வந்து வாய் பிளந்தால் குற்றம் தண்ணீரில். தங்கமீன் பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடியது. கப்பி இரண்டு மூன்று வருடத்தில் கிழடாகிவிடும். ஆகவே இரண்டரை வயதுக் கப்பி மெலிந்தால் நான் மருந்து தேடுவதில்லை. ஆனால் முதுகு வளைந்து மெலியும் கப்பிக்கு மீன் காசநோயும் இருக்கலாம். அந்தக் கிருமி கைக் காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றும். காயத்தோடு தொட்டிக்குள் கைவிட வேண்டாம். கையில் ஆறாத கட்டி வந்தால் மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் எப்போதும் தண்ணீர் மீதுதான். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் கரையும். 32 பாகையில் ஏழு சொச்சம்தான். இளம் மீன் அதைச் சமாளிக்கும், கிழட்டு மீன் தடுமாறும். அதோடு மின்வெட்டும் வந்து காற்றுப் பம்பு நின்றால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா. நீரின் பிஎச், அதாவது அமில காரத் தன்மையின் அளவு, 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே கழிவில் நஞ்சாக மாறும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். கடற்கரை மணலில் தோண்டிய எங்கள் கிணறுகளில் பல, கடின நீர், பிஎச்சும் உயர்வு. குழாய் நீரில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் குளோரின் உண்டு. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுவேன். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது என் வழக்கம்.

என் மீனின் தொட்டியை இரண்டு வாரம் நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு நீரை நாளுக்கொரு தடவை என்று நான்கு நாள் மாற்றியதில் பாதி நோய் போனது. ஒரேயடியாக முழுவதையும் மாற்றினால் கிழட்டு மீன் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும்.

இனி உப்பு. நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. முதுமையில் தளர்வது அந்தச் சிறுநீரகம்தான். நீரில் சிறிது உப்பு இருந்தால் அதன் சுமை குறையும், செவுளும் தோலும் ஆறும். லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி, தேவையானால் இரண்டு மூன்று நாளில் மூன்று கிராம் வரை கொண்டுபோகலாம். அறுபது லிட்டர் தொட்டிக்கு ஒரு கிராம் கணக்கில் தட்டையாக நாலு மேசைக்கரண்டி போதும். அயடீன் கலந்த சமையல் உப்பு மீனைக் கொல்லும் என்பது வெறும் பயம். கவனம் வேண்டியது வேறு இடத்தில்: வெயிலில் நீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றியதை நிரப்பும்போது மறுபடி உப்புப் போட்டால் தொட்டி எங்கள் உவர்நீர் வாவி போல ஆகிவிடும். வாவிக்கு அருகில் வீடு என்றால் கிணற்று நீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் உப்பே வேண்டாம். நீர்ச்செடிகளும் செதிலற்ற மீன்களும் உப்பைத் தாங்காது.

கப்சூல் கதை வேறு. கடைகளில் கைக்கு வருவது பெரும்பாலும் டெட்ராசைக்கிளின் வகை. அது நீரிலுள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து வலுவிழக்கும் மருந்து. அதாவது எங்கள் கிணற்று நீரில் கரைத்தால் மருந்தில் பெரும்பங்கு நீருக்குத்தான், மீனுக்கு அல்ல. வெளிச்சம் பட்டாலும் சிதையும், நீர் கபில நிறமாகும். நுண்ணுயிர்க்கொல்லி என்பதால் வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பற்றீரியாவையும் அது கெடுக்கக்கூடும். அப்போது அமோனியா ஏறும். ஒரு நோயைத் துரத்தப் போய் இன்னொன்றை அழைத்துவரும் வேலை. பாமசியில் மனிதருக்கென வைத்திருக்கும் மருந்தை இப்படி அளவின்றிக் கொட்டி, பழக்கப்பட்ட கிருமிகளை வாய்க்காலில் விடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்காகக் கப்சூலே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேகமாகப் பரவும் துடுப்பழுகல், சிவந்த புண், ஆனால் மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் உப்பை மட்டும் நம்பியிருப்பது மடமை. அப்போது தனி வாளியில் காற்றுப் பம்போடு வைத்து, மீனுக்கென விற்கும் மருந்தை உணவில் கலந்து கொடுப்பதே பலன் தரும்.

வெண்புள்ளி நோய்க்கு உப்பே முந்தும். அந்த ஒட்டுண்ணி 30 பாகைக்கு மேல் பெருகத் திணறும். அதனால்தான் கச்சானில் அரிதாகவும், மாரியில் வாடை வீசி நீர் குளிரும்போது திடீரென்றும் காண்கிறோம் என்று நினைக்கிறேன். மெதிலீன் நீலம் என்ற சாய மருந்து பூஞ்சணத்துக்கு நல்லது, ஆனால் தொட்டியின் சிலிக்கோன் பசையையும் விரல்களையும் நீலமாக்கிவிடும்.

சாய்ந்து மிதக்கும் மீனுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி, பிறகு தோல் நீக்கி அவித்த பச்சைப் பட்டாணி. மலச்சிக்கலானால் அதுவே போதும். இல்லாவிட்டால் எப்சம் உப்பு (சமையல் உப்பல்ல, மக்னீசியம் சல்பேற்று), இருபது லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி. வீக்கத்திலிருந்து நீரை இழுக்கும், கிருமியைத் தொடாது.

நண்பர் சொன்ன "விட்டுவிடுங்கள்" என்பதும் ஒரு வைத்தியம்தான், சும்மா இருப்பதல்ல என்று புரிந்துகொண்டால். நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன், மூச்சுக்கு மேலே வர அதிகம் நீந்த வேண்டாமே. வடிகட்டியின் நீரோட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். துரத்தும் இளசுகளை வேறு தொட்டிக்கு மாற்றினேன். உணவை ஊறவைத்துச் சிறிதாகக் கொடுத்தேன். வயது போன மீனுக்கு இந்த நாலும் எந்தக் கப்சூலையும்விட மேல் என்பது என் முடிவு.

ஆனால் வயிறு ஊதி, செதில்கள் அன்னாசித் தோல் போலக் குத்திட்டு நின்றால் கதை அநேகமாக முடிந்தது. அது சிறுநீரகம் கைவிட்டதன் அடையாளம். கிழட்டு மீன் அதிலிருந்து மீள்வது அபூர்வம். ஐந்தாறு நாள் எப்சம் உப்பில் வைத்துப் பார்க்கலாம். சாப்பாட்டையும் விட்டுவிட்டால், வேதனையின்றி உயிர் பிரியக் கராம்பு எண்ணெய். லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டரை முதலில் சிறிது நீரில் நன்றாகக் குலுக்கி ஊற்றினால் மீன் மயங்கி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் எடுக்கக் கூடாது, தங்கமீன் விழித்துக்கொள்ளும். ஐஸ்பெட்டியில் வைப்பதும் உயிரோடு மலசலகூடத்தில் ஊற்றுவதும் கொடுமை.

எங்கள் மீன் உப்பிலும் புதுநீரிலும் நிமிர்ந்தது. முழுதாக அல்ல, இன்னும் சற்றுச் சாய்ந்தே நீந்துகிறது, காலையில் என் விரல் நுனியிலிருந்து பட்டாணி எடுக்கிறது. கராம்பு எண்ணெய்ச் சீசா அலுமாரியில் மூடி பிரிக்காமல் இருக்கிறது.