நாட்டின் முகம் யார்: வாஷிங்டனா, லிங்கனா, ரூஸ்வெல்ட்டா, ஜான்சனா?

அமெரிக்க அதிபர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். லிங்கன். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000, 2009, 2017, 2021 என நான்கு முறை வரலாற்றாசிரியர்களிடம் கருத்துக் கேட்டது, நான்கு முறையும் அவருக்குத்தான் முதலிடம். அடுத்த இரண்டு இடங்களும் வாஷிங்டனுக்கும் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் போய்விடும். இதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்டின் நல்லது, கெட்டது, வாய்ப்பேச்சு, பேராசை, பயம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் எந்த அதிபரைக் காட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கென்னடிக்குப் பிறகு அதிபரான லிண்டன் ஜான்சன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மற்றவர்களைப் பார்த்துவிட்டு அவரிடம் வருவோம்.

வாஷிங்டனின் பெருமையில் பாதி அவர் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. போரில் ஜெயித்த தளபதி, படை கையில் இருக்கும்போதே, 1783 டிசம்பரில் அன்னாபொலிஸுக்கு வந்து பதவியை நாடாளுமன்றமான காங்கிரஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதிபராக இரண்டு தவணை முடித்தபின் மூன்றாவது தவணைக்கு நின்றால் எதிர்க்க ஆள் கிடையாது, இருந்தும் 1797-ல் ஒதுங்கினார். நாற்காலியை விடாத தலைவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. அதே மனிதர் பிலடெல்பியாவில் அதிபராக இருந்தபோது செய்த இன்னொரு வேலையும் உண்டு. தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கிவிட்ட அடிமை விடுதலை கேட்கலாம் என்றது பென்சில்வேனியா சட்டம். அந்தக் கெடு வருவதற்குள் தன் வீட்டு அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிவைத்துத் திரும்ப வரவழைத்துக்கொண்டார். 1796-ல் ஓனா ஜட்ஜ் என்ற பெண் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போனபோது, ஆள் அனுப்பி அவரைப் பிடித்து வரும் முயற்சியும் நடந்தது. கடைசியில் உயிலில், தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்க எழுதிவைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அவருடைய அமெரிக்கா கடலோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்ன நாடு. 1790 கணக்கெடுப்பில் மொத்தமே சுமார் 39 லட்சம் பேர். பிற்பாடு அந்த நாட்டை உண்டாக்கிய அலை அலையான குடியேற்றம் எதையும் அவர் பார்க்கவே இல்லை.

ஜெபர்சனைச் சிலர் பலமாக முன்மொழிவார்கள். 'எல்லா மனிதரும் சமம்' என்று எழுதிய கை, வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்த கை. முரண்பாடுதான் அமெரிக்கா என்றால் இவரே போதுமே என்பது அவர்கள் கட்சி. நியாயமான வாதம்தான். ஆனால் தன் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதிவைத்த பட்டியலில் சுதந்திரப் பிரகடனம் இருக்கிறது, வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கிறது, அதிபர் பதவி மட்டும் இல்லை. அவரே கணக்கில் சேர்க்காததை நாம் ஏன் இழுத்து வைத்துப் பேச வேண்டும்?

சரி, உண்மையான போட்டி லிங்கனுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும்தான்.

லிங்கன் கென்டக்கியில் மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம்கூடத் தேறாது. 1858-ல் செனட் இடத்தை ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸிடம் இழந்தார், இரண்டே வருடத்தில் அதே டக்ளஸைத் தாண்டி அதிபரானார். இந்தக் கதையைத்தான் அமெரிக்கா தன்னைப்பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் 1860-ல் அவருக்கு விழுந்தது 40 சதவீதத்துக்கும் குறைவான வாக்கு. பத்து தென் மாநிலங்களில் அவர் பெயருக்கு வாக்குச்சீட்டே கிடையாது. நாட்டின் பிரதிநிதி என்று அன்றைக்கு யாரும் அவரைச் சொல்லியிருக்க முடியாது, அவர் ஜெயித்தார் என்பதற்காகவே ஏழு மாநிலங்கள் பதவியேற்புக்கு முன்பே பிரிந்து போயின, உள்நாட்டுப் போர் மூண்டது.

அவரைப் புனிதராக்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு எழுதினார். அந்த வருட டிசம்பரில் மின்னசோட்டாவின் மான்கேட்டோவில் டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டதும் அவர் கையெழுத்தில்தான். ராணுவம் தண்டித்த 303 பேரின் வழக்குகளைப் பார்த்து, பெரும்பாலோரைக் காப்பாற்றியவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் அவரிடம் மதிப்பது ஒன்றே ஒன்று: அவர் மாறிக்கொண்டே இருந்தார். 1863 ஜனவரியின் அடிமை விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும், அடிமை முறை இருந்தும் தன் பக்கம் நின்ற கென்டக்கியையும் மேரிலாண்டையும் தொடவில்லை. 1865 ஜனவரியில் அடிமை முறையையே ஒழிக்கும் 13-வது திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றிக் காட்டினார். ஏப்ரல் 11 அன்று, கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும் போர் வீரர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்று பொதுவில் பேசினார். கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் நின்றிருந்தான். மூன்று நாளில் லிங்கனைச் சுட்டுவிட்டான்.

லிங்கன் போன இடத்துக்கு நாடு பின்னால் போகவில்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது. 1877-ல் வடக்கு, போருக்குப்பின் தெற்கில் நிறுத்தியிருந்த தன் படைகளை விலக்கிக்கொண்டது, தெற்கில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை ஒவ்வொன்றாகப் பறிபோனது, மிச்ச வேலையைச் செய்ய இன்னொரு நூறு வருடம் ஆனது. அப்படியென்றால் அவர் நாட்டின் பிரதிநிதியா, அல்லது நாடு சில வருடங்கள் மட்டும் தாங்கிக்கொண்ட விதிவிலக்கா?

ரூஸ்வெல்ட் விஷயம் நேர் எதிர். வாக்கு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவருக்குமேல் பிரதிநிதியே கிடையாது. 1932, 36, 40, 44 என்று நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஆள், அதன் பிறகு இரண்டு முறைக்குமேல் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அவர் பதவிக்கு வரும்போது உழைக்கும் நான்கு பேரில் ஒருவருக்கு வேலையில்லை, வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. பதவியேற்ற எட்டாம் நாள் ரேடியோவில், வங்கி என்றால் என்ன, உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் விளக்கினார், மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும் ஜனங்கள் எடுத்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு ஜனநாயகத் தலைவர் பேச்சால் செய்த வேலைகளில் இதற்கு இணையாக எனக்கு அதிகம் தோன்றவில்லை.

ஆனால் லிங்கன் தன் செல்வாக்கைச் செலவழித்தார், ரூஸ்வெல்ட் சேமித்துவைத்தார். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் விடுபட்டார்கள், தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்தது அந்த வேலைகளைத்தான். கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்வதற்கு எதிரான சட்டத்துக்குத் தோள் கொடுக்கச் சொன்னபோது தென் மாநில செனட்டர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று ஒதுங்கினார். 1942 பிப்ரவரியில் அவர் போட்ட ஒரு கையெழுத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அப்புறம் இன்னொன்று. போலியோவால் நடக்க முடியாத அவரைச் சக்கர நாற்காலியில் பத்திரிகைகள் அனேகமாகக் காட்டவே இல்லை. பன்னிரண்டு வருடம் ஆண்டவரை நாடு முழுசாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ரேகனுக்கு நீண்ட அலசல் தேவையில்லை. 1984-ல் மின்னசோட்டா தவிர 49 மாநிலங்களை அள்ளினார், தன்னம்பிக்கையும் சிரிப்புமாக அமெரிக்கா கண்ணாடியில் எப்படித் தெரிய விரும்புகிறதோ அப்படி இருந்தார். ஜப்பானிய வம்சாவளியினருக்கு 1988-ல் மன்னிப்பும் தலைக்கு 20,000 டாலரும் தந்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர் என்பதை அவரைத் திட்டுகிறவர்கள் சொல்வதில்லை. எய்ட்ஸ் 1981-லேயே தெரியவந்தும் அதைப்பற்றி அவர் முதல் பெரிய உரை நிகழ்த்த 1987 ஆனது என்பதை அவரைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதில்லை.

ஒபாமாவா, டிரம்பா என்று கேட்பவர்களுக்கு: காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது, விடுங்கள். இருவரில் ஒருவர்தான் உண்மையான அமெரிக்கா என்று அடித்துச் சொல்பவர்களிடம், ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்துவிட்டு 2016-ல் டிரம்புக்கு மாறிய 200-க்கும் மேற்பட்ட கவுன்டிகளைப்பற்றி (நம் மாவட்டம் மாதிரி) என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இனி ஜான்சன். லிங்கன் கல்யாண ஆல்பத்துப் படம் என்றால் இவர் ஆதார் அட்டைப் படம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் அடையாளம் காட்ட அதைத்தான் கேட்பார்கள்.

டெக்சாஸின் வறண்ட மேட்டு நிலத்துக்காரர். 1928-ல் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார், பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகள். 1948-ல் கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் 87 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 13-ம் எண் வாக்குப்பெட்டியில் கடைசியாகச் சேர்ந்த சுமார் 200 பெயர்கள் ஒரே கையெழுத்தில் அகர வரிசையில் இருந்தன என்று சாட்சி சொன்னார்கள். கள்ள ஓட்டு என்றால் நமக்குப் புரியாததா! காங்கிரஸில் முதல் இருபது வருடம் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமை மசோதா எது வந்தாலும் எதிர்த்தார். கறுப்பினத்தவரைத் தனிப்பேச்சில் அசிங்கமான சொல்லால் குறிப்பிட்டார். கழிப்பறையில் உட்கார்ந்தபடியே உதவியாளர்களிடம் ஆலோசனை நடத்துவார்.

இந்த ஆள்தான், கென்னடி கொலைக்குப் பிறகு, தன்னை வளர்த்துவிட்ட ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலையே எதிர்த்து நின்று 1964 சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய எட்டாம் நாள், காங்கிரஸ் முன்னால் கொட்டுல்லா பிள்ளைகளை நினைவுகூர்ந்து, போராட்டக்காரர்களின் 'நாம் வெல்வோம்' என்ற முழக்கத்தைத் தன் தென்னாட்டு உச்சரிப்பிலேயே சொன்னார். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். அதற்கு ஒரு வாரம் முன்பு முதியோருக்கான மருத்துவக் காப்பீடு, மெடிகேர். கறுப்பினத்தவரின் உரிமை என்பது லிங்கன் தொடங்கி, ரூஸ்வெல்ட் தொடப் பயந்த வேலை.

அதே நேரத்தில் வியட்நாம். 1964 ஆகஸ்டில் வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள்மேல் நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதலை வைத்துக் காங்கிரஸிடம் வெற்றுக் காசோலை வாங்கினார், அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை. 1968-ல் அங்கே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர். மொத்தப் போரில் செத்த அமெரிக்கர் 58,000, வியட்நாமியர் பல லட்சம். உள்ளூரில் ஏழைக்கு மருத்துவம், வெளியூரில் ஏழையின் தலையில் குண்டு.

நமக்கும் அவர் இரண்டு முகத்தையும் காட்டினார். 1965-லும் 66-லும் மழை பொய்த்து இந்தியா கோதுமைக்குக் கையேந்தி நின்றபோது, மொத்தமாக அனுமதி தராமல் மாதாமாதம் அவிழ்த்துவிட்டார். விவசாயக் கொள்கையை மாற்றச் சொல்லி அழுத்தம் ஒரு காரணம், வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது இன்னொரு காரணம். அவமானப்படுத்தினார், ஆனால் கப்பல்கள் வந்தன. 1965 அக்டோபரில் சுதந்திர தேவி சிலையடியில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. அதுவரை இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 இடம். இது ஒன்றும் புரட்சிகரமான சட்டமல்ல என்று அன்றைக்கு அவரே சொன்னார்! இன்றைக்கு நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வீடு வாங்கியிருக்கும் தமிழ் டாக்டர்களும் இன்ஜினியர்களும் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள்.

இவரையா நாட்டின் முகமாக வைப்பது, வெட்கமாக இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். உச்சத்தில் இருந்தபோது நாடு இவரை எப்படித் தழுவிக்கொண்டது என்று பாருங்கள்: 1964 நவம்பரில் 61 சதவீத வாக்கு, 44 மாநிலங்கள். அதே தேர்தலில், சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட நான்கே மாதத்தில், மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா ஐந்தும் கட்சி மாறிக் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்குப் போட்டன. வெள்ளையர் வாக்கில் பெரும்பான்மை பெற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அதற்குப் பிறகு ஒருவர்கூட இல்லை, கிளின்டனும் இல்லை, ஒபாமாவும் இல்லை.