ரவிவர்மா படம் என்று சொல்லி 38,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: பழம்பொருள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வயிறு எரிகிறது. கோர்வையில்லாமல்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டிப் படம் பொறுக்கிய வயதில் தொற்றிய பைத்தியம் இது. ஓட்டைக் காலணா, பழைய தபால் கார்டு, கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள் என்று வளர்ந்து, கடைசியில் ரவிவர்மா அச்சகத்துப் படங்களில் வந்து நின்றது. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. பிறகு லோனாவலா பக்கம் மாறி, 1972-ல் தீயில் போய்விட்டது. இனிப் புதிதாக ஒரு படம்கூட அங்கிருந்து வராது. இருக்கிறதை வைத்துத்தான் வியாபாரம், இல்லாததை வைத்துத்தான் மோசடி.

பழம்பொருள்களை ஏலத்திலும் நேர்விலையிலும் விற்கும் ஒரு தளம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சரஸ்வதி படம் வந்தது. பக்கத்தில் மயில், மடியில் வீணை, புடவையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிய வேலைப்பாடு. தேக்குச் சட்டம். விலை 38,500 ரூபாய். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று ஒரு டிக்.

டிக்கை மட்டும் நம்பி நான் பணம் போடவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன், வந்தார். "செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டைப் பிரிக்கிறாங்க அண்ணே, அங்கேருந்து வந்தது. அருமை தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும்னு வெச்சிருக்கேன்" என்றார். படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பலகை கறுத்திருந்தது, ஆணிகள் துருப்பிடித்திருந்தன, ஒரு மூலையில் பூச்சி அரித்த மாவு. கீழே 'ரவிவர்மா பிரஸ், கார்லா லோனாவலா' என்ற ஆங்கில வரியும் தெரிந்தது. அந்தத் துருப்பிடித்த ஆணிகள்தான் என்னைச் சாய்த்தன. அன்று இரவே 38,500 ரூபாய் போய்விட்டது.

படம் வந்ததும் சட்டத்தைப் பிரித்து லென்ஸ் வைத்தேன். அசல் ஓலியோகிராஃபில், அதாவது எண்ணெய் ஓவியம் மாதிரி தெரியும்படி கல்லில் அச்சடித்த படத்தில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். புள்ளிகள் கையால் வைத்தவை, அதனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இங்கே சரஸ்வதியின் கன்னத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன, இன்றைய கல்யாணப் பத்திரிகையில் இருப்பது மாதிரி. அச்சகத்தின் பெயர் எழுத்துகளே புள்ளிகளால் ஆனவை. மயிலின் தலைக்கு மேலே ஒரு பழுப்புத் தண்ணீர்க் கறை. தாளைத் திருப்பினால் பின்னால் சுத்தமாக இருக்கிறது. கறையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்! சட்டமும் ஆணியும் மட்டும் அசல் பழசு.

விற்பவருக்குப் போன் செய்தேன். "பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்." அண்ணன் ஒரே வாரத்தில் சார் ஆகிவிட்டேன். அடுத்த அழைப்பிலிருந்து போனை எடுக்கவில்லை.

தளத்துக்காரர்களுக்கு எழுதினால் முதலில் ஒரு புகார் எண், "உங்கள் பொறுமைக்கு நன்றி." அப்புறம் வந்த பதில்: சட்டத்தைப் பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அதற்கும் அதே பதிலைத் திரும்ப ஒட்டி அனுப்பினார்கள். கூட வந்த உத்தரவாதச் சான்றிதழ் விற்பவர் கொடுத்ததாம், அவர்களுக்குப் பொறுப்பில்லையாம். அப்படியென்றால் அந்த டிக் எதற்கு? கமிஷன் வாங்க மட்டும் பொறுப்பு வருமா? மறுபடி எழுதினேன். "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்தது?

நேற்று அதே தளத்தில் வேறொரு விற்பவர் பெயரில் ஒரு சரஸ்வதி. சட்டம் வேறு. மயிலின் தலைக்கு மேலே அதே கறை, அதே வடிவம். விலையை 41,000 ஆக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சட்டத்திலிருந்து வெளியே எடுத்த படத்தை, லென்ஸ் வைத்து எடுத்த போட்டோவோடு கேளுங்கள். "தாள் கிழிஞ்சிடும்" என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். கறை இருந்தால் பின்பக்கமும் பாருங்கள். திருப்பி அனுப்பும் விதியைப் பணம் போடும் முன்னால் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்தால் தளத்தோடு மின்னஞ்சல் போட்டுக் கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகு வங்கிக்கு. நானும் புகார் கொடுத்திருக்கிறேன். 38,500 ரூபாயில் இதுவரை ஒரு பைசா வரவில்லை.